மாடு எங்காவது ஊஞ்சல் ஆடுமா?

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு நண்பரின் மாமியார் வீடு. நண்பர் குடும்பத்தோடு ஸ்வீடனில், கோதன்பர்க் நகரத்தில் இருக்கிறார். ஆடி மாசம் அங்கே பள்ளிக்கூடம் லீவு. ஊருக்கு வந்திருந்தவர், 'ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க' என்று கூப்பிட்டார். போனேன்.

மத்தியானம் அரிசிம்பருப்பு சாதத்துக்கு அப்புறம் திண்ணையில் சாய்ந்திருந்தபோது, நண்பரின் ஏழு வயசுப் பெண் ஒரு பெரிய சைஸ் புத்தகத்தோடு வந்து தன் அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். அட்டையில் ஒரு மாடு ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்வீடிஷில் ஒரு வரி படிப்பாள். உடனே அதைத் தமிழில் சொல்வாள்.

"எல்லா மாடும் வேலிக்குள்ள நின்னுட்டு இருக்கு. ஒரு மாடு மட்டும் வேலி தாண்டிப் போயிடுது. பண்ணைக்காரரோட சைக்கிளை எடுத்துக்குது."

"சைக்கிளா? ஆரு, மாடா?"

"ஆமா அம்மாயி. கயிறு எடுத்துட்டுக் காட்டுக்குப் போகுது. ஊஞ்சல் கட்டி ஆடறதுக்கு."

அம்மாயி நாற்பது வருஷம் மாடு வளர்த்தவர். விடியற்காலை எழுந்து சாணி வழித்து, தவிடு கலக்கி வைத்து, பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றியே இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர். அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏங்கண்ணு, மாடு எங்கியாச்சும் தூரி ஆடுமா? கட்டுத்தறில நின்னு அசை போட்டாத்தான் அது மாடு. பொய்யி சொல்லறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

வாண்டு நிமிர்ந்து பார்த்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மாயி! அடுத்த பக்கத்துல காக்கா வந்து இதையேதான் சொல்லப்போகுது!"

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு படப்புத்தகம், ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் எழுதப்பட்டது, கோபிக்குப் பக்கத்தில் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனுஷி என்ன சொல்வார் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கிறது. அந்த இரண்டு நாளும் அவள் பெட்டியில் இருந்த மற்ற புத்தகங்களையும், அவளையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு, படித்து முடித்தேன்.

அந்த மாட்டின் பெயர் மம்மா மூ. 'மம்மா' என்றால் அங்கேயும் அம்மாதான். 'மூ' என்பது அந்த ஊர் மாட்டின் குரல். நம்மூர் மாடு 'ம்மா' என்று கத்தும். ஆக, அவள் பெயருக்குள் இரண்டு ஊர் மாடுகளும் சேர்ந்து கத்துகின்றன.

எழுதியவர்கள் யூயா வீஸ்லாண்டர், தோமாஸ் வீஸ்லாண்டர் தம்பதி. குழந்தைகளுக்குப் பாட்டுக் கட்டுகிறவர்கள். மம்மா மூவும் முதலில் 1980களில் பாட்டாகவும் வானொலிக் கதையாகவும்தான் பிறந்தாள். படம் வரைந்தவர் ஸ்வென் நூர்ட்க்விஸ்ட். முதல் படப்புத்தகம், அம்மாயியைக் கோபப்படுத்திய அந்த ஊஞ்சல் கதைதான், 1993-ல் வந்தது. அடுத்த வருஷமே பனிச்சறுக்கு. அப்புறம் மரத்தில் குடில் கட்டினாள், தொழுவத்தைச் சுத்தம் செய்தாள், சறுக்குமரம் ஏறினாள், மரம் ஏறினாள், புத்தகம் படித்தாள். தோமாஸ் 1996-ல் இறந்துபோனார். யூயா நிறுத்தவில்லை. 2009-லும் 2021-லும் அனிமேஷன் படங்களும் வந்துவிட்டன. ஸ்வீடனில் முப்பது வருஷமாகக் குழந்தைகள் தூங்கப்போகும் முன் கேட்கிற பெயர்களில் இவளுடையதும் ஒன்று.

கதை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன். வில்லன் கிடையாது. தொலைந்துபோன குட்டி கிடையாது. நரி வராது. கடைசிப் பக்கத்தில் நீதி கிடையாது. ஒரு மாட்டுக்கு ஊஞ்சல் ஆட ஆசை. ஆடுகிறது. அவ்வளவுதான்.

நடுவில் ஒரே ஒரு தடை, காக்கா.

இந்தக் காக்கா ஓர் அற்புதமான படைப்பு. எப்போதும் அவசரம், எல்லாம் தெரிந்த தோரணை, பொசுக்கென்று கோபம். மம்மா மூ என்ன செய்யப் புறப்பட்டாலும் எங்கிருந்தோ பறந்து வந்து, 'நீ மாடு! மாடுகள் இதெல்லாம் செய்யாது!' என்ற ரீதியில் தலையில் அடித்துக்கொள்ளும். இந்த வசனத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். 'பொம்பளைப் புள்ளை இதெல்லாம் செய்யுமா?' 'இந்த வயசுல உனக்கு இது தேவையா?' 'நம்ம குடும்பத்துல யாராவது சினிமாவுக்குப் போயிருக்காங்களா?' எழுத்து மாறும், ராகம் ஒன்றுதான்.

இதற்கு மம்மா மூ என்ன பதில் சொல்கிறாள்? இங்கேதான் யூயாவும் தோமாஸும் கெட்டிக்காரர்கள். அவள் வாதாடுவதே இல்லை. மாடுகளின் உரிமை பற்றிப் பிரசங்கம் பண்ணுவதில்லை. அழுவதும் இல்லை. ரொம்ப நிதானமாக, கயிறு இருக்கிறது, மரம் இருக்கிறது, மேலே கட்ட ஆள் வேண்டும், என்னால் ஏற முடியாது, நீ பறப்பாயே என்கிறாள்.

காக்கா புலம்பிக்கொண்டே மேலே போகிறது. முடிச்சுப் போடுகிறது. அவள் ஆடுகிறாள்.

கவனியுங்கள். காக்கா மனம் மாறி உதவவில்லை. உதவப்போய் மனம் மாறுகிறது. மாடு ஊஞ்சல் ஆடலாமா கூடாதா என்ற தத்துவக் கேள்வி, கயிறு எட்டுமா எட்டாதா என்ற தொழில்நுட்பக் கேள்வியாக மாறிய நிமிஷத்தில் காக்கா தோற்றுவிடுகிறது. தோற்றதும் அதற்குத் தெரிவதில்லை. மனிதர்களை நான் பார்த்தவரை, விவாதத்தில் ஜெயித்து யாரையும் மாற்றியதாக ஞாபகம் இல்லை. 'இந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ' என்று சொல்லி மாற்றியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காக்கா இல்லாவிட்டால் இந்தப் புத்தகம் நின்றிருக்காது. ஊஞ்சலாடும் மாடு வெறும் வேடிக்கை. ஊஞ்சலாடும் மாட்டைப் பார்த்து ஒருவர் பதறுகிறார் என்றால்தான் அது கதை. குழந்தைகள் மம்மா மூவாக இருக்க ஆசைப்படுகிறார்கள். கோபத்தில் கத்தும்போது காக்காவாக இருக்கிறார்கள். இரண்டு பேரும் அவர்களுக்குள்ளேயே குடியிருப்பதால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூர்ட்க்விஸ்ட் கட்டடக்கலை படித்தவர். ஓவியக் கல்லூரிகளில் விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் போனவர் என்பது உபரித் தகவல். பெட்சன் என்ற கிழவரும் ஃபிண்டஸ் என்ற பூனையும் வரும் வரிசையால் 1980களிலேயே புகழ் பெற்றுவிட்டார். அந்தப் புத்தகங்களில் பக்கம் முழுக்கத் தட்டுமுட்டுச் சாமான்களை இறைத்து, இண்டு இடுக்கில் எல்லாம் ஏதாவது ஒரு குட்டி ஜந்துவை ஒளித்துவைப்பார். மம்மா மூவில் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கிறார். ஏனென்றால் இங்கே பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான். எடை.

குழந்தைப் புத்தகங்களில் வரும் மிருகங்கள் பெரும்பாலும் மனிதர்கள்தான். முயலுக்குக் கோட்டு, கரடிக்குத் தொப்பி. தலையை மட்டும் மாற்றி ஒட்டியிருப்பார்கள். இந்த ஊஞ்சல் மாடு அப்படி அல்ல. பெரிய வயிறும் கனத்த உடம்புமாக நிஜ மாடு. ஒரு ஸ்வீடன் கறவை மாடு ஏறக்குறைய அறுநூறு கிலோ இருக்கும். அந்த அறுநூறு கிலோவும் அந்தச் சின்னப் பலகை மேல் உட்கார்ந்திருப்பதை உங்கள் கண் உணர்கிறது. கட்டடம் படித்தவர் இல்லையா, பாரம் எங்கே இறங்கும் என்று தெரியும். அதனால்தான் சிரிப்பு வருகிறது. கூடவே கொஞ்சம் பயமும்.

உலகப் புகழ் பெற்ற இன்னொரு புத்தகத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1936-ல் அமெரிக்காவில் மன்ரோ லீஃப் எழுதி ராபர்ட் லாசன் படம் போட்ட ஃபெர்டினாண்ட் என்ற ஸ்பெயின் காளையின் கதை. மற்ற காளைகள் எல்லாம் முட்டி மோதி மாட்ரிட் மைதானத்துக்குப் போகத் துடிக்கும்போது, இவன் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து பூ வாசம் பிடிப்பான். தவறுதலாக அவனையே பிடித்துக்கொண்டு போவார்கள். அங்கேயும் சண்டை போடாமல் உட்கார்ந்துவிடுவான்.

ஃபெர்டினாண்டிடம் உலகம் எதிர்பார்த்தது ஆட்டம். அவன் கேட்டது அமைதி. மம்மா மூவிடம் உலகம் எதிர்பார்ப்பது அமைதி. அவள் கேட்பது ஆட்டம். ஆணுக்கு ஒரு கயிறு, பெண்ணுக்கு ஒரு கயிறு. இரண்டு பேருமே அறுத்துக்கொண்டு ஓடவில்லை. மெதுவாகத் தலையை உருவிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் நம்முடைய மாடுகளும் எனக்கு ஞாபகம் வந்தன. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியிருப்பீர்கள். பசு ஒரு வீட்டு விலங்கு, நான்கு கால், இரண்டு கொம்பு, பால் தரும், சாணம் எரிபொருளாகும். மொத்தக் கட்டுரையிலும் பசு நமக்கு என்ன தரும் என்றுதான் இருக்கும். அதற்கு என்ன பிடிக்கும் என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. நம் கதைகளில் மிகத் துணிச்சலான பசு, மனுநீதிச் சோழன் வாசலில் மணி அடித்த பசு. பெரிய காரியம்தான். ஆனால் அதுவும் கன்றுக்காக. தனக்காக ஒரு மணி அடித்த மாடு நம்மிடம் உண்டா? யோசித்துப் பார்த்தேன், தட்டுப்படவில்லை.

தாய் என்று பெயர் வைத்துவிட்டு, அந்தத் தாய்க்கு ஊஞ்சலாட ஆசை என்று முதல் புத்தகத்திலேயே சொன்னதுதான் இந்த வரிசையின் குறும்பு. ஊஞ்சல் கதையில் கன்று இல்லை. அவள் யாருக்காகவும் எதையும் செய்யவில்லை. 'சும்மா, ஆசையாக இருந்தது' என்பதைத் தவிர அவளிடம் வேறு காரணம் இல்லை. அதைப் போதுமான காரணமாக இந்தப் புத்தகம் ஏற்றுக்கொள்கிறது.

இந்தக் கதை ஸ்வீடனில் பிறந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. பிப்பி நீள்காலுறை சிறுமியைப் படைத்த ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் ஒரு விவசாயி மகள். 1985-ல், எழுபத்தெட்டு வயதை நெருங்கும்போது, கிறிஸ்டினா ஃபோர்ஸ்லண்ட் என்ற கால்நடை மருத்துவரோடு சேர்ந்து பண்ணை விலங்குகளுக்காகப் பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்தார். கோழியைக் கூண்டில் நெரிக்காதே, பன்றிக்குப் படுக்க இடம் கொடு, மாட்டை வெயில் படும்படி வெளியே விடு. கட்டுரையாக, கடிதமாக, கிண்டல் கதையாக, மூன்று வருஷம் விடவில்லை. 1988-ல் புதிய விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜனங்கள் அதை லிண்ட்கிரென் சட்டம் என்றே கூப்பிட்டார்கள். கிழவிக்குத் திருப்தி இல்லை. பல்லைப் பிடுங்கிய சட்டம் என்ற ரீதியில் அதையும் விமர்சித்தார்.

ஆனாலும் ஒன்று நடந்தது. கறவை மாடுகள் கோடையில் மேய்ச்சலுக்கு வெளியே போக வேண்டும் என்பது சட்டமாயிற்று. குளிர் அதிகமான வடக்கே இரண்டு மாதம், தெற்கே நான்கு மாதம் வரை. பழைய சட்டத்தின் இடத்தில் 2019-ல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் மேய்ச்சல் விதி தொடர்ந்தது. செலவு கட்டுப்படியாகவில்லை, விதியைத் தளர்த்துங்கள் என்று பண்ணைக்காரர்கள் தரப்பிலிருந்து கோரிக்கை வந்துகொண்டிருப்பதும் உண்மை.

லிண்ட்கிரெனும் ஃபோர்ஸ்லண்டும் எழுதியவை 1990-ல் புத்தகமாக வந்தன. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'என் மாட்டுக்கு ஜாலியாக இருக்க வேண்டுமாம்.' மூன்று வருஷம் கழித்து மம்மா மூ வேலி தாண்டினாள். ஒன்றைப் பார்த்து இன்னொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. மம்மா மூ வானொலியில் அதற்கு முன்பே பாட ஆரம்பித்துவிட்டாள். இரண்டும் ஒரே காற்றில் விளைந்தவை. அவ்வளவுதான்.

குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் அடைந்து கிடந்த மாடுகளை வசந்தத்தில் ஒருநாள் திறந்துவிடுகிறார்கள். அதற்கு 'மாடு அவிழ்த்துவிடும் நாள்' என்றே பெயர். நம்மூரில் மாடு அவிழ்த்துவிடுவது என்றால் வாடிவாசலும் வீரமும். அங்கே வேலிக்கு வெளியே குழந்தை குட்டிகளோடு நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். வயசான, மடி கனத்த, கௌரவமான மாடுகள் புல்லைப் பார்த்ததும் பின்னங்காலைத் தூக்கி உதைத்துக்கொண்டு கன்றுக்குட்டிபோலத் துள்ளி ஓடும். நண்பர் செல்போனில் வீடியோ காட்டினார். அதைப் பார்த்துவிட்டு யாரும் மம்மா மூ கற்பனை என்று சொல்ல முடியாது. மிகை வேண்டுமானால் எனலாம்.

அறிவியலும் இப்போது காக்காவின் பக்கம் இல்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2018-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஒரு சுழலும் பிரஷ். அதன் முன்னால் ஒரு கதவு. கதவின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனார்கள். புதுத் தீவனத்துக்காக எவ்வளவு பாரத்தை மாடு தள்ளியதோ, கிட்டத்தட்ட அதே பாரத்தைச் சொறிந்துகொள்ளும் சுகத்துக்காகவும் தள்ளியது. சோறும் சுகமும் அதற்குச் சமம்.

இவ்வளவு பாராட்டியாயிற்று. குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, சூத்திரம். ஆசை, காக்காவின் அலறல், காக்காவின் உதவி. நாலைந்து புத்தகத்தை அடுத்தடுத்துப் படித்தால் பெரியவர்களுக்கு அலுப்புத் தட்டும். குழந்தைகளுக்கு அந்த அலுப்பு கிடையாது, அடுத்த பக்கம் என்ன வரும் என்று தெரிவதுதான் அவர்களுக்குச் சந்தோஷமே. ஆனாலும் ஊஞ்சல் கதையில் இருந்த ஆச்சரியம் எல்லாவற்றிலும் இல்லை.

இரண்டு, மற்ற மாடுகள். அவை எப்போதும் நின்று, மென்று, முறைத்துப் பார்க்கின்றன. ஒருத்தியின் தனித்துவம் தெரிவதற்காக மற்ற அத்தனை பேரையும் மண்டுகளாக்க வேண்டுமா? மம்மா மூவுக்கு ஆசை இருந்தால் பக்கத்து மாட்டுக்கும் ஏதோ ஒரு ஆசை இருக்காதா? காக்கா மம்மா மூவுக்குச் செய்ததை, புத்தகமே மற்ற மாடுகளுக்குச் செய்கிறது. 'நீங்கள் வெறும் மாடு.' எனக்கு இது உறுத்தியது.

மூன்றாவதுதான் பெரிய கேள்வி. நவீன பால்பண்ணையில் கன்று பிறந்த ஓரிரு நாளில் தாயிடமிருந்து பிரிப்பதுதான் பரவலான வழக்கம். ஸ்வீடனும் விதிவிலக்கு அல்ல. அப்படிப்பட்ட உலகத்தில் 'மம்மா' என்று பெயர் வைத்த ஒரு மாட்டைச் சிரித்துக்கொண்டே ஊஞ்சலாட விடுவது, பால் பாக்கெட்டில் சிரிக்கும் பசுவைப் போடுகிற அதே வேலை இல்லையா? மென்மை என்ற பெயரில் பொய் சொல்கிறதா இந்தப் புத்தகம்?

இரண்டு நாள் இதை யோசித்தேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. பாக்கெட் பசு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. 'எனக்கு ஒரு குறையும் இல்லை, நீங்கள் காபி குடியுங்கள்' என்று சமாதானம் சொல்கிறது. மம்மா மூ நம்மைப் பார்ப்பதே இல்லை. அவளுக்கு வேறு வேலை இருக்கிறது. நாலு வயசுக் குழந்தையிடம் கொட்டகையின் முழு உண்மையையும் இறக்கிவைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் ஒரு மாட்டுக்கு, நமக்குச் சம்பந்தமே இல்லாத ஆசை ஒன்று இருக்கலாம் என்று சொல்லிவைக்கலாம். அதை நம்பி வளர்கிற குழந்தை மற்ற கேள்விகளைப் பத்து வயசில் தானாகவே கேட்கும். அதை நம்பாத குழந்தைக்குப் பின்னால் எத்தனை புள்ளிவிவரம் காட்டினாலும் ஏறாது.

உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். இந்தக் கட்டுரையை 'ஒரு மாட்டுக்கு ஆசை, ஆடுகிறது' என்றுதான் ஆரம்பித்தேன். எப்போது 'அவள்' என்று மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. அஃறிணை உயர்திணை என்று சின்ன வயசில் இலக்கண வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்த வேலியை ஒரு படப்புத்தகம் சத்தமில்லாமல் தாண்டவைத்துவிட்டது. ஸ்வீடிஷில் இந்தச் சிக்கல் எப்படியோ, தமிழில் மொழிபெயர்க்கிறவர் முதல் வரியிலேயே இதற்கு முடிவு சொல்லியாக வேண்டும். என்னைக் கேட்டால் 'அது' என்று தொடங்கட்டும் என்பேன். படிக்கிறவர்களே மாறிக்கொள்வார்கள்.

திண்ணைக்குத் திரும்புவோம்.

கதை முடிந்துவிட்டது. அம்மாயி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். வாண்டு விடவில்லை.

"உங்க மாடு என்ன பண்ணும் அம்மாயி? அதுக்கு என்ன புடிக்கும்?"

"அதுக்கென்ன புடிக்கும், பருத்திக்கொட்டை புடிக்கும்."

"சாப்பாடு இல்ல. சும்மா என்ன புடிக்கும்?"

அம்மாயி கொஞ்ச நேரம் யோசித்தார். "லச்சுமின்னு ஒருத்தி இருந்தா. உன்ற அம்மா சின்னப் புள்ளையா இருக்கறப்ப. கறக்கப் போனா கழுத்தை நீட்டுவா. அலைதாடிக்குக் கீழ சொறிஞ்சு உடோணும். கண்ணை மூடிக்குவா. நான் நிறுத்துனா தலையால இடிப்பா. எனக்கு ஆயிரம் வேலை கெடக்கும். இருடி உனக்கு வேற பொழப்பில்லைன்னு வைவேன்." நிறுத்தி, தொழுவம் இருந்த பக்கம் பார்த்தார். இப்போது அங்கே பைக் நிற்கிறது. "இன்னும் சித்த நேரம் சொறிஞ்சு உட்டிருக்கலாம்."

"நீங்க ஊஞ்சல் ஆடுவீங்களா?"

"ஆடி நோம்பிக்கு எங்கூர்ல புளியமரத்துல தூரி கட்டுவாங்க. கண்ணாலத்துக்கு முன்னால ஆடுனது. அப்புறம் ஏது, மாட்டைப் பாக்கவே நேரஞ்செரியா இருந்துது."

வாண்டு புத்தகத்தை மூடினாள். அம்மாயி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் கயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"ஏங்கண்ணு, அவ இதை எந்த மரத்துல கட்டுனா? முருங்கைக் கொப்பா இருந்தா பட்டுனு முறிஞ்சிரும். புளியங்கொம்புன்னா தாங்கும். காக்கா முடிச்சை நல்லா இறுக்கிப் போட்டுச்சா?"

வாண்டு மறுபடியும் புத்தகத்தைத் திறந்து, மரத்தைத் தேட ஆரம்பித்தாள்.